விதிமுறைகள்: ஆயத்தமாக வாங்குவதா, கூடி எழுதுவதா?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், காலணிக் கூடங்கள் நடத்துவோருக்கு இந்தக் குழப்பம் உண்டு. விடுப்பு, பாதுகாப்பு, புகார் விதிகளை ஆலோசகரிடம் வாங்கலாமா, தொழிலாளர்களோடு உட்கார்ந்து எழுதலாமா?

செலவு: ஆயத்தப் பிரதிக்குக் கட்டணம். கூடி எழுதினால் வேலை நேரம் போகும்.

வேகம்: முன்னது சில நாளில் கைக்கு வரும். பின்னதற்கு வாரங்கள் ஆகும்.

நிலைப்பு: வித்தியாசம் இங்குதான் பெரிது. பேரணாம்பட்டிலிருந்து வரும் பெண்ணுக்குப் பஸ் தாமதமானால் என்ன செய்வது, பதனிடும் பிரிவில் ரசாயனம் கலப்பவரின் கையுறை கிழிந்தால் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் வெளியூர்ப் பிரதியில் இருக்காது. தாமே பேசி ஒப்புக்கொண்ட விதியைத்தான் தொழிலாளர்கள் மதிக்கிறார்கள்.

சட்டம்: 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு கட்டாயம். அதில் பாதிப்பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். இங்கே சட்டம் அறிந்தவர் எழுதிய வாசகமே பாதுகாப்பு.

ஆகவே சட்டம் வகுத்த பகுதிக்கு ஆலோசகர். ஷிப்ட், விடுப்பு, கருவிகளுக்குக் கூடி எழுதிய விதி. இரண்டுமே எளிய தமிழில் இருக்கட்டும்.