மார்க்கரா, மெழுகா, மக்கா? கேபினட் கீறலுக்கு எது சரி

மரக் கேபினட்டில் ஒரு கீறலைப் பார்த்தாலே முன்பெல்லாம் மக்கு (பள்ளத்தை நிரப்பிக் காயவிடும் மரப் பசை) டப்பாவைத்தான் தேடுவேன். இப்போது முதலில் விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டிப் பார்க்கிறேன். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் மேல்பூச்சோடு நின்றிருக்கிறது. மாட்டிக்கொண்டால் மரம் வரை இறங்கியிருக்கலாம். எந்தப் பொருளை எடுப்பது என்பது பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

மேல்பூச்சுக் கீறல் வெள்ளைக் கோடாகத் தெரியும். அங்கே நிறம் போயிருக்காது. சிதைந்த பூச்சு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் டர்பன்டைனைத் துணியில் தொட்டுத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை கோடு மறைந்தால், நிறமில்லாத வார்னிஷை மெல்லிய தூரிகையால் ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். வால்நட் பருப்பைத் தேய்த்தால் கீறல் மறைவதற்கும் காரணம் இதேதான்: எண்ணெய் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. ஆனால் துடைக்கத் துடைக்கக் கோடு திரும்பி வரும். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது காயாமல் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

மரம் வரை போன கீறலில்தான் உண்மையான போட்டி. மார்க்கர், அதாவது மரச்சாமான் கீறலில் தடவும் நிறப் பேனா, நிறம் கொடுக்கும், பள்ளத்தை நிரப்பாது. மெழுகுக் குச்சி இரண்டையும் செய்யும், ஆனால் மென்மையானது. நேராகப் பார்த்தால் மார்க்கர் போட்ட கீறல் கண்ணில் படாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கண்மட்டத்தில் இருக்கும் கதவுக்கு மெழுகு, காலடியில் இருக்கும் கதவுக்கு மார்க்கர் என்பது என் கணக்கு. மார்க்கரில் ஒரு எச்சரிக்கை: பூச்சு போன மரம் மையை உறிஞ்சிக் கருத்துவிடும். மரத்தின் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய நிறத்தில் தொடங்கி, தடவிய உடனே துடைத்துவிடுங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை தடவலாம், கருத்ததை வெளுக்க வைப்பதுதான் கஷ்டம்.

மெழுகில் எனக்குப் பிடித்தது, தவறினால் திரும்பிப் போக முடிவதுதான். நிறம் பொருந்தாவிட்டால் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுத்துவிட்டு வேறு நிறத்தை அழுத்தலாம். இரண்டு நிறங்களைக் கலந்தும் வைக்கலாம். மக்கில் அந்தச் சலுகை இல்லை. மெழுகின் பலவீனம் சூடும் உரசலும். அடுப்பை ஒட்டிய கதவிலும் கை படும் விளிம்பிலும் மென்மெழுகு நிலைக்காது. அங்கே உருக்கி ஊற்றும் கடின மெழுகு தேவலை.

சில்லு பெயர்ந்து போன மூலைக்கு மக்கு சரி. அது காயும்போது சுருங்கும் என்பதால் கொஞ்சம் மேடாக வைக்க வேண்டும். அப்புறம் உப்புத்தாள் பிடித்தால் சுற்றியிருக்கும் நல்ல பூச்சும் போய், சிறு காயம் பெரிய திட்டாகிவிடும். மரத்தைப் போலச் சாயம் ஏற்காது என்பதால் ரேகை தெரியும் மரத்தில் தனித்து நிற்கும். மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்து வைப்பதிலும் இதே தொல்லை. பெயின்ட் அடித்த கேபினட் என்றால் கவலையே இல்லை, மக்குதான் முதல் தேர்வு. மேலே பெயின்ட் மூடிக்கொள்ளும். வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிய பலகை என்றால் உப்புத்தாளை அழுத்தாதீர்கள், பல வெனீர்கள் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. மைக்கா ஒட்டியதில் தேய்க்கவே கூடாது. அந்த மர ரேகை அச்சிட்ட தாள்தான்.

நசுங்கிய பள்ளம் வேறு வகை. கெட்டி மரத்தில் நார் அறுபடாமல் அமுங்கியிருந்தால், ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியால் சில நொடி தொட்டாலே நார் உப்பி மேலே வரும். ஆனால் சில பூச்சுகள் சூடு பட்டு வெள்ளை பூத்துவிடும். கதவின் உள்பக்கத்தில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

மார்க்கர், மெழுகு, வார்னிஷ் மூன்றும் தேவைப்பட்டால் மார்க்கர் முதலில், வார்னிஷ் அடுத்து, மெழுகு கடைசியில். மெழுகின் மேல் வார்னிஷ் பிடிக்காது.