காம்ப் வாங்கிக்கொண்டே டிரக் கம்பெனி மீதும் கேஸ்: சான் ஹோசேயில் நான் போன வக்கீல் ஆபீஸ்

கம்பெனி வேனில் ஃப்ரீமான்ட்டுக்கு மெஷின் சர்வீஸ் பார்க்கப் போனபோது, சிக்னலில் நின்றிருந்த என்னைப் பின்னால் வந்த டெலிவரி டிரக் இடித்தது. வலது தோள்பட்டையில் தசைநார் கிழிந்துவிட்டது. மறுநாளே காயத்துக்கு க்ளெய்ம் போடும் டிடபிள்யூசி-1 படிவத்தைக் கம்பெனியில் கொடுத்தார்கள். ஆபரேஷன் செலவு முழுவதும் வொர்க்கர்ஸ் காம்பில், அதாவது வேலையில் அடிபட்டவர்களுக்காக முதலாளி எடுத்துவைக்கும் இன்ஷூரன்ஸில், போனது. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்தது. நான்கு மாதம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். அந்த வலிக்குக் காம்பில் ஒரு டாலர்கூடக் கிடையாது.

முதலில் பார்த்த வக்கீல், "அதான் காம்ப் வருதே" என்று அனுப்பிவிட்டார். எட்டு மாதம் கழித்து, நண்பர் சொல்லித்தான் இந்த ஆபீசுக்குப் போனேன். ஒரே காயத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவது தப்பில்லையா என்று என் மனைவி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அதையே வக்கீலிடம் கேட்டேன். மஞ்சள் தாளில் நடுவே ஒரு கோடு போட்டார். முதலாளி மீது கேஸ் போட முடியாது, அதற்குப் பதில்தான் காம்ப். இடித்தவன் வெளியாள், அவன் மீது போடலாம். அங்கே கிடைக்கும் பணத்தில், காம்ப் இன்ஷூரன்ஸ் செலவழித்ததை அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். இதற்குத்தான் லீன் என்று பெயர். மனைவி முகம் அப்போதுதான் தெளிந்தது.

கலிஃபோர்னியாவில் இந்தக் கேஸ் போட விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம் உண்டு. இடித்தது அரசு வண்டியாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டுமாம். எட்டு மாதத்தை வீணாக்கிய எனக்கு அதைக் கேட்டு வயிறு கலங்கியது.

90,000 டாலருக்கு செட்டில் ஆனது. வக்கீல் பங்கு 30,000, செலவு 1,800. லீன் 24,000 இருந்தது. பணத்தை மீட்ட வேலை முழுவதும் தங்களுடையது, அந்த ஃபீஸில் இன்ஷூரன்ஸும் பங்கு ஏற்க வேண்டும் என்று வாதாடி 16,000 ஆக்கினார்கள். என் கைக்கு 42,200. அந்த 8,000-க்காகவே இவர்களை மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் ரொம்ப வருத்தம். கைக்கு வந்த பணம் அளவுக்கு, இனி வரவேண்டிய காம்ப் தொகையை இன்ஷூரன்ஸ் நிறுத்திவைக்கலாம். கிரெடிட் என்கிறார்கள். இதைக் கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்புதான் சொன்னார்கள். முதல் நாளே அந்த மஞ்சள் தாளில் எழுதியிருக்க வேண்டியது. போன் செய்தால் திரும்பக் கூப்பிட ஒரு வாரம் ஆகும், அது வேறு.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். போகிறவர்கள் லீனோடு கிரெடிட் பற்றியும் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் தோளுக்கு பிசியோதெரபி இன்னும் முடியவில்லை. அந்த பில்லை இப்போது 42,200-லிருந்துதான் கட்டுகிறேன்.