மாருதி 800க்கு எக்ஸெடி கிளச் செட்: வீட்டு முற்றத்தில் நானே மாற்றிய பிறகு எழுதுவது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்குவதென்றால் கிளச் பிளேட், அதை இஞ்சின் பக்கம் அழுத்திப் பிடிக்கும் பிறஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் றிலீஸ் பெயரிங் மூன்றும் ஒன்றாக வரும் முழு செட்டை வாங்குங்கள். நான் போட்டது எக்ஸெடி. ஜப்பானில் ஒசாக்கா மாகாணத்து நெயகாவாவில் இருக்கும் கொம்பனி, 1995 வரைக்கும் டைக்கின் என்ற பெயரில் இருந்தது, அதனால் கடையில் யாராவது டைக்கின் என்று சொன்னால் குழம்ப வேண்டாம். வண்டி பழைய கார்புரேட்டர் மாருதி 800. கிளச் வேலை எனக்கு இதுதான் முதல் தடவை. உதவிக்கு மச்சான் நின்றார்.

யாழ்ப்பாணத்தில் வண்டி ஓடுகிறவருக்குக் கிளச் தேய்ந்தது சுலபத்தில் பிடிபடாது. பருத்தித்துறை போனாலும் காரைநகர் போனாலும் ஏற்றம் என்று ஒன்று இல்லை, எல்லாம் சமதரை, தேய்ந்த பிளேட்டும் பேசாமல் இழுத்துக்கொண்டு போகும். அப்படியே நம்பி ஏ9 வழியாகக் கண்டிக்குப் போனால் மாத்தளை தாண்டியதும் மானம் போகும். ஊருக்குள்ளேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெறிச்ச றோட்டில் நாலாம் கியரில் 40இல் போய்க்கொண்டிருக்கும்போது அக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள். இஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளச் வழுக்குகிறது. கேபிளில் கொஞ்சம்கூடத் தொய்வு இல்லாமல் இறுகியிருந்தாலும் இதே குணம் காட்டும், ஆகவே சாமான் வாங்க முதல் அதைச் சரிசெய்து பாருங்கள்.

கடைக்கு வருவோம். ஸ்ரான்லி வீதிப் பக்கம் உதிரிப்பாகக் கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு கடையில், பெயர் வேண்டாம், பெயரே அச்சடிக்காத வெள்ளைப் பெட்டியை எடுத்து வைத்து “தம்பி, இதுவும் அதுவும் ஒண்டுதான், பிளேட்டை மட்டும் மாத்துங்கோ, பெயரிங் இன்னும் கனகாலம் ஓடும்” என்றார்கள். கழற்றாத வண்டியின் பெயரிங் எவ்வளவு காலம் ஓடும் என்று கடையில் இருந்துகொண்டு எப்படிச் சொல்ல முடியும்? எனக்குக் கோபம்தான் வந்தது. கிளச் வேலையில் உழைப்பு முழுக்கக் கியர்பொக்ஸைக் கழற்றி ஏற்றுவதில்தான் இருக்கிறது. பெயரிங்கை விட்டுவிட்டு மூடினால், அது சத்தம் போடத் தொடங்குகிற அன்று அதே கியர்பொக்ஸைத் திரும்பவும் இறக்க வேண்டும். கராஜில் கொடுத்துச் செய்வித்தாலும் இதே கணக்குத்தான், கூலி இரண்டு தரம் போகும்.

அப்புறம் இன்னொரு விஷயம். 800 என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். இந்த வண்டி 1983இல் இருந்து 2014 வரை வந்தது, இடையில் கார்புரேட்டர் போய், பெற்றோலைப் பீச்சிக் கொடுக்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது, நாலு கியர், ஐந்து கியர் என்றும் மாறியது. செசி நம்பரைக் கொண்டுபோய்க் கொடுத்து, பெட்டியில் இருக்கும் பாக இலக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். கழற்றிய பிறகு பழைய பிளேட்டைப் புதியதன்மேல் வைத்து விட்டமும் நடுத் துளையில் உள்ள பற்களின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்த்த பின்தான் பூட்ட வேண்டும். எனக்கு அச்சொட்டாக இருந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது, 2025இல் திறந்துவிட்ட பிறகும் புது வண்டி எங்களுக்கு எட்டுகிற விலையில் இல்லை. இருக்கிற 800ஐ நல்ல சாமான் போட்டு வைத்திருப்பதுதான் எனக்குப் புத்தியாகப் படுகிறது.

வேலை கஷ்டமா என்றால், நுட்பம் குறைவு, பாரம் கூட. ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. எங்கள் ஊரில் ஜக்கை அடித்துவிட்டு இரண்டு சீமெந்துக் கல்லை அண்டக் கொடுத்துக் கீழே படுக்கிற பழக்கம் இருக்கிறது. சீமெந்துக் கல் எந்த அறிவிப்பும் இல்லாமல் வெடித்து நொறுங்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்பு ஸ்ராண்ட் இரவல் வாங்குங்கள், முற்றம் செம்மண் என்றால் அதற்குக் கீழே தடித்த பலகை போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் புதையும்.

பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, கியர் ஒயிலை வடிக்க முதல் மேலே ஒயில் ஊற்றும் நட் கழருகிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது இறுகிப்போய் அசையாவிட்டால் வண்டி அப்படியே முற்றத்தில் நிற்கும். பிறகு கிளச் கேபிள், ஸ்பீடோ கேபிள், றிவேர்ஸ் லைட் வயர், ஸ்ராட்டர் மோட்டர், கியர் கம்பிகள், இரண்டு பக்கத்து டிறைவ் ஷாஃப்ட். கியர்பொக்ஸை இறக்கும்போது இஞ்சின் ஒரு பக்கம் தொங்கப் பார்க்கும். அதற்கு நாங்கள் ஒரு பனை வளையை, கூரைக்குப் போடுகிற மரத்தை, பொனட் திறந்த இடத்தில் குறுக்கே வைத்து, இரண்டு மட்கார்ட் ஓரத்திலும் சாக்கு மடித்துப் போட்டு, சங்கிலியால் இஞ்சினைக் கட்டித் தூக்கி வைத்தோம். வைரம் பாய்ந்த பனை, அசையவே இல்லை.

பழைய பிளேட்டைக் கையில் எடுத்தபோதுதான் விஷயம் முழுதாக விளங்கியது. ஆணித்தலைகள் உள்ளே பதிந்து இருக்க வேண்டியவை, மேற்பரப்போடு சமமாக வந்துவிட்டன, இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் இஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தைக் கீறியிருக்கும். பிறஷர் பிளேட்டின் விரல்கள் போன்ற ஸ்பிறிங் நுனிகளில் பெயரிங் உரசி உரசிப் பள்ளம். பெயரிங்கைக் காதோரம் பிடித்துச் சுற்றினால் உள்ளே மணல் உருளுகிற மாதிரிச் சத்தம். “கனகாலம் ஓடும்” என்று கடையில் சொன்னது இதைத்தான்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயாலோ காற்றாலோ ஊத வேண்டாம். பழைய பிளேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஃப்ளைவீலில் நீலம் பூத்த தழும்போ வெடிப்போ இருந்தால் கடைச்சல் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும், எனக்கு இருக்கவில்லை, பிறேக் கிளீனரால் கழுவியதோடு சரி. கிராங்கின் பின் சீல், டிறைவ் ஷாஃப்ட் சீல்கள் எல்லாம் சின்னக் காசு, கையோடு மாற்றிவிடுங்கள். அந்தச் சீல் கசிந்து ஒயில் பட்டால் புதுப் பிளேட்டும் வழுக்கும்.

புதுப் பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும், ஸ்பிறிங்குகள் புடைத்திருக்கும் பக்கம் கியர்பொக்ஸுக்கு. பிளேட்டை நடுவில் பிடித்து வைக்க ஒரு கோல் வேண்டும். அதைப் பட்டறையில் பழைய கியர்பொக்ஸ் ஷாஃப்டின் அளவுக்கு மரத்தில் கடைந்து எடுத்தேன். இதைக் கண்மட்டத்துக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பிளேட் ஒரு நூல் விலகினாலும் கியர்பொக்ஸ் உள்ளே போகாது, அந்தப் பாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டிவரும். கோலை வைத்துக்கொண்டு போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் பிறஷர் பிளேட் கோணாமல் சமமாக அமரும். ஷாஃப்ட் பற்களில் கிறீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும், கூடினால் தெறித்துப் பிளேட்டில் படும். எங்களுக்குக் கியர்பொக்ஸ் நேராகப் போய் அமர்ந்தது. அந்த “டக்” சத்தத்தைக் கேட்டதும் மச்சான் கையைத் தட்டினார்.

இப்போது ஓடுகிற விதம் பற்றி. பெடல் பழையதைவிட நல்ல லேசு, பிடிக்கிற இடம் தெளிவாகத் தெரிகிறது, ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது அதிர்வே இல்லை. முதல் 500 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல், கிளச்சை வழுக்கவிட்டு இழுக்காமல் ஓடினேன். புது மேற்பரப்பு படிந்து வர அந்த அவகாசம் தேவை. பெடலில் ஏறத்தாழ ஒரு அங்குலம் வெறும் ஓட்டம் வருமாறு கேபிளை வைத்திருக்கிறேன், அதைப் படிந்த பிறகு இன்னொரு தரம் பார்க்க வேண்டும். மேலும், பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓடுகிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், புதுப் பெயரிங்கைத் தின்னுவது அதுதான்.

விலை டொலரோடு ஏறி இறங்குகிறது, அதனால் இங்கே எழுதுவதில் பயனில்லை. கொழும்பில் ஆள் இருந்தால் அங்கே உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையிலும் ஒருக்கால் விசாரிக்கச் சொல்லுங்கள். ஆனால் பெட்டியின் பாக இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகு காசைக் கொடுக்கச் சொல்லுங்கள், பஸ்ஸில் போட்டு விட்ட சாமானைத் திருப்பிக் கொடுப்பது லேசான வேலை இல்லை.