டாட் கிரிட் ஏ5 நோட்டு: மூணு நோட்டு முடிச்சப்புறம் எழுதுற ரிவ்யூ

மூணு நோட்டு, கடைசி பக்கம் வரைக்கும் முடிச்சிட்டேன். வாங்கி ரெண்டு பக்கம் கிறுக்கிட்டு ரிவ்யூ எழுத மனசு வரல, அதான் இவ்ளோ லேட். ஏ5 சைஸ், 160 பக்கம், 100 ஜிஎஸ்எம் (தாளோட கனம்) பேப்பர், 5 எம்எம்முக்கு ஒரு புள்ளி, நூல் பைண்டிங், சாம்பல் கலர் கெட்டி அட்டை. அட்டையில ஒரு பேரு கூட கிடையாது. லோகோ, ஐகான், லெட்டரிங் பண்றவங்க தாராளமா வாங்கலாம். ஏன்னு சொல்ல கொஞ்சம் பழைய கதைக்கு போகணும்.

வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம் எனக்கு இன்ஸ்பிரேஷன்னா ஃபோன்ல ஸ்க்ரோல் பண்றதுதான். புடிச்சதெல்லாம் சேவ் பண்ணி, லோகோ தனி, போஸ்டர் தனி, கலர் தனின்னு பிரிச்சு அடுக்கி வச்சிருந்தேன், எந்த வேலை வந்தாலும் முதல்ல அதத்தான் திறப்பேன். ஒரு சைக்கிள் ரிப்பேர் சர்வீஸுக்கு லோகோ கேட்டாங்க, எட்டு ஆப்ஷன் பண்ணி எங்க சீனியர் அக்காகிட்ட காட்டினேன். அவங்க திட்டவே இல்ல. "எல்லாம் சுத்தமா பண்ணிருக்கம்மா, ஆனா இதுல உன் கண்ணு பாத்தது எது? கடைசியா ஒரு சைக்கிள் பக்கத்துல உக்காந்து எப்போ பாத்த?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. எட்டுலயும் இருந்த சக்கரமும் ஸ்பேனரும் நான் சேவ் பண்ணி வச்சதுல இருந்து வந்ததுதான்னு அப்பதான் எனக்கே புரிஞ்சுது. சாயந்திரம் கிளம்பும்போது அவங்க டிராயர்ல இருந்து ஒரு புது நோட்டு எடுத்து குடுத்தாங்க, அதுதான் இது.

மறுநாள் ஒரு சைக்கிள் முன்னாடி தரையில உக்காந்து ரெண்டு மணி நேரம் வரைஞ்சேன். ஃபிரேம், பெடல், பிரேக் எதுவும் செட் ஆகல, கடைசியா செயினுக்கு வந்தேன். சைக்கிள் செயின்ல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 12.7 எம்எம், அதாவது அரை இன்ச். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவுல இருக்குறது ஒரு கட்டம்னா, நம்ம நோட்டுல அது ரெண்டரை கட்டம், புள்ளியில உக்காராது, அதனால ரெண்டு மடங்கா பெருசாக்கினேன், 25.4, கிட்டத்தட்ட சரியா அஞ்சு கட்டம். அஞ்சு கட்டம் தள்ளி ரெண்டு வட்டம், நடுவுல இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம், அவ்ளோதான் ஒரு கண்ணி. படுக்க வச்சு வரைஞ்சு முடிச்சுட்டு நோட்ட தள்ளி வச்சு பாத்தா ரெண்டு சக்கரம் வச்ச சைக்கிள் தெரியுது! ஒரே கண்ணியில முழு சைக்கிள். அந்த லோகோதான் ஓகே ஆச்சு. அந்த பக்கத்த இப்பவும் அடிக்கடி திறந்து பாப்பேன், எனக்கு அவ்ளோ புடிச்ச பக்கம்.

சரி நோட்டுக்கு வரேன். கோடு போட்ட நோட்டுல வரைஞ்சா கோடு நம்ம வரையறதோட சண்ட போடும், வெறும் வெள்ளைத்தாள்ல அளவு புடிபடாது. புள்ளி ரெண்டுக்கும் நடுவுல. அளவு வேணும்னா இருக்கு, வேணாம்னா கண்ணு அத விட்டுடும். இதுல புள்ளி வெளிர் சாம்பல்ல இருக்குறதால ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து பிரைட்னஸ் கொஞ்சம் ஏத்தினாலே மறைஞ்சிடுது, பென்சில் கோடு மட்டும் நிக்கும். நடுவுல ஒரு தடவ வேற நோட்டு வாங்கினேன், அதுல புள்ளி கறுப்பா அடிச்சிருந்தாங்க, ஸ்கேன் பண்ணா வரைஞ்சது எது புள்ளி எதுன்னே தெரியாம ஒவ்வொண்ணா அழிக்க வேண்டியதா போச்சு. வாங்கறதுக்கு முன்னாடி புள்ளியோட கலர கண்டிப்பா பாருங்க.

நூல் பைண்டிங் பத்தி தனியா சொல்லணும், நோட்டு மேசைல தட்டையா விரிஞ்சு கிடக்குது, ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒரே தாளா வரையலாம். ஸ்பைரல்னா கம்பி கையில இடிக்கும், வெறும் பசை போட்டு ஒட்டினதுன்னா அழுத்தி விரிச்சா பக்கம் கழண்டு வரும்.

ஹெச்பி, 2பி பென்சில், ஜெல் பேனா எல்லாம் அருமையா போகுது. ஆல்கஹால் மார்க்கர் மட்டும் வேணாம், பின்பக்கம் ஊறி அடுத்த தாள் வரைக்கும் எறங்கிடும். வாட்டர்கலருக்கும் இந்த பேப்பர் தாங்காது, சுருண்டுக்கும்.

இந்த நோட்டு மூலமா எனக்கு அறிமுகமான ஆளு சூசன் கேர். 1983-ல ஆப்பிள்ல மேகிண்டாஷ் கம்ப்யூட்டருக்கு ஐகான் வரைஞ்சவங்க. அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பக்கமே போனதில்ல, கலை வரலாறு படிச்சிட்டு சிற்பம் பண்ணிட்டு இருந்தவங்க. கட்டம் போட்ட நோட்டு வாங்கி, 32க்கு 32 கட்டம், ஒரு கட்டம் ஒரு பிக்ஸல்னு வச்சு பென்சில்ல நிரப்பி நிரப்பி பாத்திருக்காங்க. மொத்தம் 1024 கட்டம், அதுக்குள்ள குப்பைத்தொட்டி, சிரிக்கிற கம்ப்யூட்டர் எல்லாம். அவங்களுக்கு ஐடியா எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா மொசைக், துணியில போடுற ஊசி தையல், குறியீடுகளுக்கான அகராதி. மேக் கீபோர்டுல கமாண்ட் கீ மேல இருக்குற அந்த நாலு காது வளையம், ஸ்வீடன்ல பாக்க வேண்டிய இடங்களுக்கு வைக்கிற போர்டு குறி. இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் நான் ரெஃபரன்ஸ் தேடுற இடமே மாறிடுச்சு, லோகோவுக்கு இன்னொரு லோகோவ பாக்குறதில்ல. பூட்டோட சாவி ஓட்டை, ஜன்னல் கம்பி நிழல், திருகாணி தலை, பாட்டில் மூடியோட விளிம்புன்னு மூணு நோட்டும் இதுங்கதான் நிறைஞ்சு கிடக்கு.

லெட்டரிங்குக்கு இந்த புள்ளி கத்துக் குடுத்த ஒரு விஷயம் சொல்றேன். ட, ப மாதிரி நேர்கோட்டு எழுத்தையும் வ, ல மாதிரி வளைவு எழுத்தையும் ஒரே புள்ளி வரிசையில நிறுத்தினா அளவுப்படி சரிதான், ஆனா வளைவு எழுத்து சின்னதா தெரியும். வளைவ புள்ளிக்கு வெளிய ஒரு மயிரிழை தள்ளினாதான் கண்ணுக்கு சமமா நிக்கும். கிளாஸ்ல சொன்னப்போ தலையாட்டினேன், கையில வரைஞ்சப்போதான் உள்ள போச்சு. கம்ப்யூட்டர்ல ஸ்னாப் (கோடு தானா கட்டத்துல போய் ஒட்டிக்கிற செட்டிங்) ஆன்ல வச்சு பழகினா இது கண்ணுல படவே படாது.

குறைன்னு சொன்னா, பக்க நம்பர் கிடையாது, நானே எழுதிக்கிறேன். மூடி வைக்கிற எலாஸ்டிக் மூணு நாலு மாசத்துல தொளதொளன்னு ஆயிடுது. பெரிய குறை அகலம். ஏ5 அகலம் 148 எம்எம், அதுல 29 கட்டம்தான் விழும். இப்ப ஆப்புக்குள்ள வர்ற ஐகானுக்கு நிறைய பேர் எடுக்குற 24க்கு 24 நல்லா உக்காருது, சுத்தி குறிப்பெழுத இடமும் இருக்கு, ஆனா 32 வேணும்னா ரெண்டு பக்கத்துல பரப்பணும், நடு மடிப்பு சரியா ஐகான் மேல வந்து உக்காந்துக்கும். ஆரம்பத்துல எனக்கு 24 போதுமா இருந்துச்சு, இப்ப பத்தல.

இல்லஸ்ட்ரேஷன், பெயிண்டிங் பக்கம் போறவங்களுக்கு இது வேணாம், அவங்களுக்கு புள்ளி இல்லாத தடிமனான பேப்பர் வேணும். ஐகான், லோகோ, எழுத்து பண்றவங்களுக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன்.

நாலாவது நோட்டு நேத்துதான் வாங்கினேன், அதே பேப்பர், அதே வெளிர் புள்ளி, ஆனா பி5 சைஸ். அகலம் 176 எம்எம், 32 கட்டம் மடிப்புல படாம ஒரே பக்கத்துல உக்காருது, முதல் பக்கத்துல எண்ணி பாத்துட்டேன்.