சிட்டிசனா, பிஆரா? சிங்கப்பூர் அருங்காட்சியகங்களும் என்னுடைய எஸ் பாஸும்

போன வாரம் ஊரிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டார். அப்பா, அம்மா இருவரும் வருகிறார்களாம். மால், தீம் பார்க் எதுவும் வேண்டாமாம், பழைய சரித்திரம் பார்க்க ஆசையாம். அதிகம் செலவில்லாமல் எதைக் காட்டலாம் என்றார். கட்டுமானத் துறையில், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் பல வருடமாக இங்கே இருக்கிறேன். லீவு நாளில் லிட்டில் இந்தியா பக்கமுள்ள தேக்காவை விட்டால் எனக்கு இந்தச் சுற்றல்தான். அவருக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது, எல்லோருக்குமாகவே போடுகிறேன்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். 2013 மே 18 முதல் இங்குள்ள தேசிய அருங்காட்சியகங்களில் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் (பிஆர்) நுழைவு இலவசம். மற்றவர்கள் பொதுவாக டிக்கெட் எடுக்க வேண்டும். நேற்று விமானத்தில் இறங்கிய சுற்றுலாப் பயணியும், வருடக்கணக்கில் இங்கே சுரங்கப்பாதை தோண்டுகிறவரும் கட்டண அட்டையில் ஒரே வரியில்தான் வருவார்கள். சிட்டிசனா, பிஆரா என்று கேட்கும்போது இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஊர் மக்களின் வரிப்பணம், அவர்கள் பிள்ளைகள் காசு கொடுக்காமல் பார்க்கட்டும். ஆனால் உள்ளே சொல்லியிருப்பது பாதிக்கு மேல் கடல் தாண்டி உழைக்க வந்தவர்களின் கதை. இன்று அதே போல வந்து டார்மிட்டரியில் (தொழிலாளர் விடுதியில்) இருக்கும் ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க நினைத்தால் விலையைப் பார்த்துத் திரும்பிவிடுவான். இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வொர்க் பெர்மிட் காட்டுகிறவர்களுக்கு மாதத்தில் ஒரு நாளாவது கதவைத் திறந்துவிடலாம்.

இந்தக் கோபத்தில்தான் டிக்கெட் இல்லாத இடங்களாகத் தேடித் தேடிப் போக ஆரம்பித்தேன். அதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல். முன்பு அங்கே இருந்த தேவாலயத்தில் இடி விழுந்து, கட்டடம் பழுதாகி, இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பதை 1856-இல் தொடங்கினார்கள், 1861-இல் முதல் வழிபாடு நடந்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். சுவருக்குப் பூசியது நம் மெட்ராஸ் சுண்ணாம்புச் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் கலந்து பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மினுக்கேற்றியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது என்ன வேலை என்று தெரியும். எங்கள் சைட்டில் மூட்டையைப் பிரித்து, தண்ணீர் ஊற்றி, மிஷினில் கலக்கி ஸ்கிம் கோட் என்கிற மெல்லிய மேல்பூச்சை அடித்துவிட்டு அடுத்த மாடிக்குப் போய்விடுகிறோம். அதிலேயே மூலை மட்டம் பிடிக்கப் படாதபாடு படுகிறோம். இங்கே உள்ளே போய் ஒரு கூர்வளைவின் விளிம்பைக் கீழிருந்து மேல்வரை கண்ணால் தடவிப் பாருங்கள். அந்த ஆட்கள் கைதிகளாகக் கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் நான் பார்த்ததில்லை. நான் ஒவ்வொரு முறையும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அங்கிருந்து நடந்தால் ஆற்றோரத்தில் எம்பிரஸ் பிளேஸ். 1850-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி வந்துபோனதற்கு ஒரு நினைவுத்தூண் வைத்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் நான்கு மொழி, அதில் ஒரு பக்கம் தமிழ். அந்தக் காலத்து எழுத்து, நிதானமாகப் படித்தால் பிடிபடும். பக்கத்தில் செல்ஃபி எடுப்பவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நண்பரின் அப்பா தமிழ் வாத்தியாராக இருந்தவர், அவருக்கு இந்த ஒரு பலகை போதும்.

இன்னொரு நாளுக்கு தெலுக் ஆயர் தெரு. இன்று சுற்றிலும் அலுவலகக் கோபுரங்கள், அன்று அதுதான் கடற்கரை. 1828-30இல் கட்டிய நாகூர் தர்கா, 'குச்சுப் பள்ளி' என்று நம்மவர்கள் அழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசல், தியன் ஹொக் கெங் சீனக் கோயில் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. கொஞ்சம் நடந்தால் 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயில். வெயில் தாங்கவில்லை என்றால் மேக்ஸ்வெல் ரோட்டில் சிட்டி கேலரி. குளிர்சாதனம் உண்டு, கட்டணம் இல்லை, நகரத்தின் பெரிய மாதிரி வடிவம் ஒன்று இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். டல்ஹவுசி தூணுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குக் காசு கொடுத்தே போகச் சொல்லுங்கள். 1998-இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுப் பக்கம் கடலடியில் கண்டெடுத்த கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த கப்பல் அது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன, பெரும்பாலும் சீனத்துப் பீங்கான் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-க்குச் சமமான தேதி பொறித்திருக்கிறது. உடையாமலிருக்க அவற்றைப் பெரிய ஜாடிகளுக்குள் சுருளாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். கிண்ணத்தின் மேல் தூரிகை ஓடிய வேகம் அப்படியே தெரியும். யாரோ அவசர அவசரமாக, நூறு நூறாக வரைந்து தள்ளியிருக்கிறார்கள். அதில் ஒன்றுகூட மற்றதைப் போல இல்லை.

கட்டண முறைக்கு என் மதிப்பெண் பத்துக்கு மூன்று. அது மாறப்போவதில்லை. ஆனால் நண்பரின் பெற்றோருக்கு அந்த ஒரு டிக்கெட்டை நானே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மற்ற அருங்காட்சியகங்களுக்கு அவசரம் இல்லை. பொங்கல், தீபாவளி சமயத்தில் வந்தால் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் நாள்கள் உண்டு, தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கதீட்ரலுக்கு ஞாயிறு வேண்டாம், வழிபாடு நடக்கும். வயதானவர்களோடு போனால் ஆற்றோரத்தை மாலை ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.