மண்டி ஹவுஸா, லோதி சாலையா, நிஜாமுதீனா?

தில்லியில் காசு கொடுக்காமல் பாட்டோ நாட்டியமோ ஓவியமோ பார்க்க எங்கே போகலாம் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்டால் எங்கள் வீட்டில் சண்டை வரும். நான் மண்டி ஹவுஸ் கட்சி, என் கணவர் லோதி சாலை. மூன்றாவதான நிஜாமுதீனையும் சேர்த்து எல்லாமே மெட்ரோவின் வயலட் தடத்தையொட்டி வருவதால், தூரத்தைச் சொல்லி யாரும் தப்பிக்க முடியாது.

லோதி சாலையின் பலம் 1993-இல் திறந்த ஹாபிடாட் சென்டர். முற்றத்துக்கு மேலே வெயில் மறைக்கும் நீலத் தகடுகள், கீழே பேச்சு, கண்காட்சி, நடனம். எது இலவசம், எதற்கு டிக்கெட் என்று முன்பே பார்த்துவைத்துப் போகிறவர்களுக்கு ஏற்ற இடம். சீக்கிரம் கிளம்பினால் வெளிச்சம் போவதற்குள் லோதி காலனிச் சுவரோவியங்களையும் பார்த்துவிடலாம். ஆனால் தேடிப் போன நிகழ்ச்சி கைவிட்டால் மாலையே போயிற்று. நகரத்தின் ஓர் அரங்கில் ஒருமுறை "இடமில்லை" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். இலவசக் கச்சேரிக்கு அன்று நாங்கள் கொடுத்தது ஆட்டோவுக்கு 180 ரூபாய்.

மண்டி ஹவுஸில் அந்தப் பயம் இல்லை. ஒரு வட்டத்தைச் சுற்றி திரிவேணி கலை மையம், நாடகம் நடக்கும் ஸ்ரீராம் சென்டர், கமானி அரங்கம், தேசிய நாடகப் பள்ளி, இசை-நாடகம், ஓவியம், இலக்கியம் என மூன்று அகாதமிகள் குடியிருக்கும் ரவீந்திர பவன். கமானியில் அன்று டிக்கெட் என்றால், சில நிமிட நடையில் சும்மா பார்க்க வேறு ஏதாவது கிடைத்துவிடும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் திரிவேணியின் ஓவியக் கூடங்கள் இருக்கின்றன. அதன் திறந்தவெளி அரங்கின் படியில் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் உள்ளே பரதநாட்டிய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தட்டுக்கழிச் சத்தம் நிற்கும், யாரோ திட்டு வாங்குவார்கள், மறுபடி அதே அடவு. எந்த அரங்கேற்றத்தையும் நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

திரிவேணி, ஹாபிடாட் இரண்டையும் வடிவமைத்தவர் ஜோசப் ஆலன் ஸ்டைன் என்ற ஒரே ஆள்தானே, அப்புறம் என்ன சண்டை என்பார் என் கணவர். திரிவேணிக் கட்டடம் 1963-லேயே வந்துவிட்டது, ஹாபிடாட் அதற்குத் தங்கை என்பேன் நான்.

வியாழக்கிழமை என்றால் மட்டும் இருவரும் சமாதானம். நிஜாமுதீன் தர்காவில் அன்று மாலை கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாட்டு. நிகழ்ச்சி நிரலும் இல்லை, முன்வரிசை பின்வரிசையும் இல்லை. ரோஜாத் தட்டுக் கடைகள் நெருக்கும் சந்தில் நுழைந்து, செருப்பை விட்டு, தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார வேண்டியதுதான். நெரிசல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பெண்கள் சமாதி அறைக்குள் போக முடியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பாட்டு நடப்பது வெளி முற்றத்தில். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவும் அவருடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவும் 1325-இல் சில மாத இடைவெளியில் இறந்தவர்கள். இருவர் சமாதியும் அங்கேயே இருக்கிறது. குஸ்ரோவின் பாட்டை இன்றும் குருவின் வாசலில் பாடுகிறார்கள்.

கும்பகோணத்து அத்தையைப் போன குளிர்காலத்தில் அழைத்துப்போனோம். முதலில் மிரண்டுதான் உட்கார்ந்தார். ஆர்மோனியம் ஏறி, கைதட்டு வேகம் பிடித்ததும் அவர் கை முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தது. "நம்மூர் பஜனை மாதிரியேதான் இருக்கிறது" என்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய்த் தாள் ஒன்றைப் பாடகர் முன்னால் வைத்துவிட்டு வந்தார்.

"இலவசம் என்றுதானே அழைத்து வந்தோம், அத்தை?" என்றார் என் கணவர்.

"பேசாமல் பாட்டைக் கேள்" என்றார் அத்தை.