க்யூஆர் கோடா, கமிஷன் லிங்கா? இலவச மின்னூல் எழுதுகிறவரின் வரவுக் கணக்கு

போன ஐப்பசியில் ஒருநாள் விடிகாலை, மொபைலில் 51 ரூபாய் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் யாரென்று தெரியாது. யூபிஐயில் குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அதில் "கத்தரி காய்த்துவிட்டது, நன்றி" என்று இருந்தது. மாடித்தோட்டம் பற்றி நான் எழுதி இலவசமாக விட்ட மின்னூலின் கடைசிப் பக்கத்தில் என் யூபிஐ ஐடி இருக்கிறது. அதைப் பார்த்து அனுப்பியிருக்கிறார். அதே வாரத்தில் கமிஷன் கணக்கிலும் ஒரு வரவு. அந்த நூலுக்குத் துணையாக என் தளத்தில் வைத்திருக்கும் பொருள் பட்டியல் வழியாக யாரோ வேப்பெண்ணெய் வாங்கியதற்கு விற்பனைத் தளம் தந்த பங்கு அது. அதில் பெயர் இல்லை, குறிப்பு இல்லை. தேதியும் தொகையும் மட்டும்.

இரண்டு வருடமாக இந்த இரண்டு வழியையும் ஒரே நூலுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்திப் பார்க்கிறேன். எது மேல் என்று புதிதாக எழுத வருகிறவர்கள் கேட்டால், அன்பளிப்பு என்றுதான் சொல்வேன். கமிஷனை அடியோடு ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அது எழுத்துக்குள் நுழைகிற விதம் எனக்குக் கவலை தருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், நேராக விலை வைத்து விற்றுவிட்டால் என்ன என்ற கேள்வி. விற்கலாம். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் 2016 கடைசியிலிருந்து தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. நாமே ஏற்றி நாமே விலை வைக்கலாம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. அப்புறம், கோப்பின் ஒவ்வொரு எம்பிக்கும் (மெகாபைட்) 7 ரூபாய் அனுப்பும் செலவாகக் கழித்துக்கொண்டுதான் அந்த 70 சதவீதத்தைக் கணக்கிடுவார்கள். வரியை விட்டுவிட்டுப் பார்ப்போம்: 99 ரூபாய் நூல், 5 எம்பி என்றால் 35 ரூபாய் கழிந்து, மிச்சம் 64இல் நமக்கு 44 ரூபாய் 80 காசு. படம் நிறைய இருந்து 8 எம்பி ஆகிவிட்டால் 30 ரூபாய் 10 காசுதான். அனுப்பும் செலவு இல்லாத 35 சதவீதத் திட்டமே அப்போது மேல். அதில் 34 ரூபாய் 65 காசு வரும். செடி, பூச்சி, இலைநோய் என்று பக்கத்துக்குப் பக்கம் படம் போடுகிற என் போன்றவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் ஏற்றிவிடக் கூடாது.

நாவலோ தொடர்கதையோ எழுதுகிறவருக்கு கிண்டில் நல்ல இடம். எனக்கு நூல் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிப் போக வேண்டும். நாற்று வாங்க வந்த இடத்தில் ஒருவர் மற்றவருக்கு அனுப்ப வேண்டும். வேறு எங்கும் இருக்கக் கூடாது என்கிற செலக்ட்டின் நிபந்தனை அதற்கு ஒத்துவராது. தமிழில் மின்னூலை இலவசமாகப் படிப்பது புதுப் பழக்கமும் இல்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் உழைப்பில் இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் இன்றைய எழுத்தாளர்களின் நூல்களையும், யாரும் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், ஆறு அங்குலத் திரைக்கென்று தனி பிடிஎஃப் வரை செய்து கொடுக்கிறது. இந்த வளத்தில் வளர்ந்த வாசகரிடம் முன்பணம் கேட்பதைவிட, படித்து முடித்தபின் கேட்பதுதான் இயல்பு என்று எனக்குப் படுகிறது.

கேட்பதில் கூச்சம் வேண்டாம். கூத்தோ கரகாட்டமோ நடக்கிற இடத்தில் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து போய் ஆட்டக்காரர் சட்டையில் ஐம்பது ரூபாய் நோட்டைக் குத்துவதையும், அவர் பெயர் மைக்கில் வருவதையும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். அதை யாரும் பிச்சை என்று சொன்னதில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வரும் முன்பே பணம் தருவதாகப் பலரிடம் கையொப்பம் வாங்கி, அந்தப் பண உதவியோடுதான் அச்சு வேலையைக் கொண்டு போனார். வாசகர் காசில் நூல் வருவது நம் பதிப்பு வரலாற்றிலேயே இருக்கிறது.

கேட்கிற முறைதான் முக்கியம். அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீவன் கிங் 2000இல் ஒரு தொடர்கதையைத் தன் தளத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டார். முதல் பகுதிகளுக்குத் தலா ஒரு டாலர். இறக்கிக்கொள்கிறவர்களில் 75 சதவீதம் பேராவது கொடுத்தால்தான் தொடர்வேன் என்றார். தொடக்கத்தில் அந்த அளவு வந்தது, போகப்போகக் குறைந்தது. ஆறாவது பகுதியோடு தொடர் நின்றது. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே நிபந்தனை போட்ட அன்பளிப்பு நிலைக்கவில்லை. அறிவியல் புனைகதை எழுத்தாளர் கோரி டாக்டரோ செய்தது வேறு. தன் நாவல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுத்தார். பணம் அனுப்ப விரும்பியவர்களிடம், நூல் கேட்டு எழுதியிருக்கும் பள்ளி, நூலக முகவரிகளைக் காட்டி, அவற்றுக்கு அச்சுப் பிரதி வாங்கி அனுப்பச் சொன்னார். நன்றி போக ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

என் வாய்க்கால் முதலில் அடைத்துக்கொண்டது. கடைசிப் பக்கத்தில் க்யூஆர் கோடை அழகாகப் பெரிதாக வைத்திருந்தேன். நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர்தான் சொன்னார்: "ஏனுங்கண்ணா, நான் ஃபோன்லயேதான் படிக்கிறேன். அதே ஃபோன்ல இருக்கற கோடை நான் எதுலிங்க ஸ்கேன் பண்றது?" ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பணம் அனுப்பும் செயலியைத் திறந்து, கேலரியில் தேடி... அதற்குள் கொடுக்கிற மனசு ஆறிவிடும். அன்றைக்கே கோடைச் சிறிதாக்கி, யூபிஐ ஐடியை நகலெடுக்கிற மாதிரி எழுத்தாகவே போட்டேன். அதற்கப்புறம்தான் வரத்து கொஞ்சம் சீரானது.

அந்த ஐடி உங்கள் மொபைல் எண்ணாக இருக்க வேண்டாம். இலவச நூல் ஒருமுறை வெளியே போனால் திரும்ப வராது. எண் ஊரெல்லாம் சுற்றும். இதற்கென்று தனியாக ஒரு ஐடி உருவாக்கிக்கொள்ளுங்கள். வங்கி மாறினாலும் உடையாத மாதிரி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு இணையப் பக்கத்தின் முகவரியையும் அருகில் கொடுங்கள். அந்தப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

யூபிஐயின் பெரிய குறை எல்லைதான். யாழ்ப்பாணத்திலும் டொரன்டோவிலும் படிக்கிற ஈழத்தமிழருக்கு இந்திய வங்கிக் கணக்கு இருக்காது. அவர்களுக்காக கோஃபை, பை மீ எ காஃபி போன்ற தளங்களில் ஒரு பக்கம் திறக்கலாம். அன்பளிப்பில் கோஃபை பங்கு கேட்பதில்லை. மற்றது 5 சதவீதம் எடுக்கிறது. பணம் மாற்றும் செலவு இரண்டிலும் தனி. பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வருவதற்கு மட்டும் உதவும். ஆக, உள்ளூருக்கு ஒரு வாசல், வெளிநாட்டுக்கு ஒரு வாசல் என்று இரண்டு வைத்தே ஆக வேண்டும்.

'நன்கொடை' என்று எழுதாமல் 'அன்பளிப்பு' என்று எழுதுங்கள். நன்கொடை என்றால் சிலர் வருமான வரிச் சலுகைக்கு ரசீது கேட்கிறார்கள். தனி எழுத்தாளரால் அது தர முடியாது. நமக்கும் வரி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் முழுத் தொகையும் வரிக்கணக்கில் சேரும். எழுத்துக்காக வருகிற பணம் தொழில் வருமானமாகவே எடுத்துக்கொள்ளப்படலாம் என்பதால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கமிஷன் விஷயத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. அது முதல் ரூபாயிலிருந்து வருமானம்தான்.

சரி, கமிஷனுக்கு வருவோம். நீங்கள் கொடுக்கும் இணைப்பு வழியாகப் போய் ஒருவர் வாங்கினால் விற்பனைத் தளம் உங்களுக்கு ஒரு பங்கு தருகிறது. அதனால் வாசகருக்கு விலை அதிகமாகாது. அமேசான் இதை 1996லிருந்து நடத்துகிறது. இணைப்பைத் தொட்டதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அவர் வேறு பொருள் வாங்கினாலும் பெரும்பாலும் அதிலும் பங்கு உண்டு. சேர்ந்த 180 நாளுக்குள் 3 விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போகும். மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் பணம் கைக்கு வரும்.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அமேசானின் விதிப்படி கமிஷன் இணைப்பை மின்னூலுக்குள் வைக்கவே கூடாது. அச்சுப் பக்கம், மின்னூல், மின்னஞ்சல் இணைப்புக் கோப்பு எல்லாவற்றையும் அவர்கள் ஒரே வரிசையில் வைத்துத் தடுத்திருக்கிறார்கள். பிடிஎஃப்பில் பக்கத்துக்குப் பக்கம் இணைப்பு வைத்து, கணக்கை இழந்தபின்தான் இந்த விதியைப் படிக்கிறவர்கள் உண்டு. நூலில் உங்கள் தள முகவரியை மட்டும் கொடுத்து, பட்டியலை அங்கே வைப்பதுதான் வழி. அங்கேயும், இதில் எனக்குக் கமிஷன் வரும் என்று முதல் வரியிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலும், பரிந்துரைப்பவருக்கு அதில் ஆதாயம் இருந்தால் எளிய மொழியில் வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது.

தொகையைப் பார்த்தால், ஒரு பேச்சுக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 300 ரூபாய் வேப்பெண்ணெய்க்கு 15 ரூபாய். விடிகாலையில் வந்த அந்த 51 ரூபாய்க்கு ஈடாக நாலு பேர் வாங்க வேண்டும். கமிஷன் வெல்கிற இடமும் உண்டு. கேமரா, தையல் இயந்திரம், கணினி என்று விலை கூடிய பொருளைச் சுற்றி எழுதுகிற நூலுக்கு ஒரே விற்பனையில் நூற்றுக்கணக்கில் வந்துவிடும். அதுவும் வாசகர் நன்றி சொல்லும் மனநிலைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கும் தேவை படிக்கிற நடுவிலேயே வந்துவிடுகிறது.

எனக்குக் கவலை தந்த விஷயம் இதுதான். தொட்டி மண் பற்றிய அத்தியாயத்தில், முதல் பிரதியில் நான் எழுதியிருந்தது: "எங்கள் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஆலைகளில் நார்க்கழிவு மூட்டையாகவே கிடைக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசி, உப்பும் கறைநீரும் போனபின் பயன்படுத்துங்கள். கட்டியாக அழுத்தி விற்பதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை." கமிஷன் பட்டியல் தயாரிக்கும்போது கோகோபீட் என்று விற்கிற 5 கிலோ நார்க்கழிவுக் கட்டிக்கு ஒரு இணைப்பு சேர்த்தேன். அடுத்த திருத்தத்தில் பார்த்தால், "அவசியம் இல்லை" என்ற கடைசி வாக்கியம் நூலில் இல்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நீளம் குறைக்கிறேன் என்று நானே எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தில் வேறு எதையும் நான் குறைத்திருக்கவில்லை.

அன்பளிப்புக்கும் எழுத்தைத் திருப்புகிற பலம் இல்லாமல் இல்லை. கொடுத்தவர் மனம் கோணாமல் எழுதலாம் என்று தோன்றக்கூடும். ஆனால் 51 ரூபாய் அனுப்பியவர் நான் அடுத்து என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. கத்தரி காய்த்ததை மட்டும்தான் சொன்னார். அந்தக் குறிப்பு அடுத்த பதிப்பில் எதைத் தொடக் கூடாது என்று எனக்குக் காட்டியது. கத்தரி அத்தியாயத்தில் கை வைக்கவில்லை. வேப்பெண்ணெய்க் கமிஷன், மாவுப்பூச்சி போனதா இல்லையா என்று எனக்குச் சொல்லவில்லை.

கமிஷனைத் தலைகீழாகத் திருப்பவும் செய்யலாம், அதாவது நம் நூலை மற்றவர் விற்றுத் தந்தால் அவருக்கு நாம் பங்கு கொடுப்பது. கம்ரோடு தளத்தில் அந்தச் சதவீதத்தை எழுத்தாளரே தீர்மானிக்கலாம். புத்தகக் கடைக்குக் கழிவு கொடுக்கிற அதே பழைய வழக்கம்தான். அங்கேயே விலையைப் பூஜ்யத்தில் தொடங்கி, விருப்பப்பட்டதைக் கொடுக்கச் சொல்லவும் முடியும். லீன்பப் தளத்தில் குறைந்த விலை ஒன்று, பரிந்துரை விலை ஒன்று என்று இரண்டும் வைக்கலாம். தொழில்நுட்ப நூல் எழுதுகிறவர்களுக்கு இவை பொருந்தும். கதை, கவிதை, பாட்டி சொன்ன வாய்மொழிக் கதைத் தொகுப்பு என்றால் இணைப்பு கொடுக்கப் பொருளே கிடையாது. அங்கே அன்பளிப்பு மட்டும்தான் வழி. சமையல், தோட்டம், தையல் போன்ற கைவேலை நூல்களில்தான் இரண்டும் மோதும். அந்த வகை நூலுக்கு நான் இப்போது செய்வது: நூலை முழுதாக எழுதி, வெளியிட்டு, ஒரு மாதம் கழித்துத்தான் பட்டியல் பக்கத்தைத் தயாரிக்கிறேன். நூலில் நான் வாங்க வேண்டாம் என்று சொன்ன எதுவும் பட்டியலில் ஏறாது.

இரண்டாம் பதிப்பு தை மாதம் வந்தது. கோகோபீட் இணைப்பை எடுத்துவிட்டேன். "அவசியம் இல்லை" என்ற வாக்கியம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. கடைசிப் பக்கத்தில், சம்மதம் தந்தவர்களின் பெயர்களை மைக்கில் சொல்வது மாதிரி ஊரோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். கத்தரிக்காரர் இதுவரை பெயர் சொல்லவில்லை. அவருக்காக ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.